செட்டிப்புண்ணியத்தில் பேனா பூசை

செங்கற்பட்டுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் சமீபத்தில் செட்டிப்புண்ணியம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தேவநாதசுவாமி கோயில் என்று ஒரு கோயிலும், அதற்குள் குதிரை முகத்தோடு யோக ஹயக்ரீவர் என்று ஒரு கடவுளும் இருப்பது நமது வாசகர்களில் பலர் அறிந்ததேயாகும். வருஷம் முழுவதும் சாதாரணமாக இருக்கும் அந்தக் கோயிலுக்குப் பொதுப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் மாத்திரம் திடீரென்று மவுசு பிறந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும், அவர்களைவிட அதிகமாகப் பயந்துபோன தாய் தகப்பன்மார்களும், பேனா, பென்சில், நோட்டுப் புத்தகம், பரீட்சை அனுமதிச் சீட்டு ஆகியவைகளை எடுத்துக்கொண்டு போய்க் குதிரை முகத்தாரின் எதிரில் வைத்து எடுத்து வருகிறார்கள். இப்படிச் செய்தால் பரீட்சை மண்டபத்தில் படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வருமாம்!

இந்தக் கடவுளுக்கு இந்த இலாகா எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். மது, கைடபன் என்று இரண்டு அசுரர்கள் பிரம்மாவிடமிருந்த வேதங்களைத் திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். விஷ்ணு குதிரை முகத்தோடு போய் அசுரர்களைக் கொன்று அவற்றை மீட்டுக்கொண்டு வந்து கொடுத்தாராம். ஆகையால் அவர் கல்விக் கடவுளாம். நாம் ஒன்று கேட்கிறோம். பிரம்மா அந்த வேதத்தைப் படித்து மனத்தில் வைத்திருந்தால் அசுரன் எதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பான்? போனால் போகட்டும் என்று உட்கார்ந்து மறுபடியும் சொல்லியிருக்கலாமே! மூட்டையாகக் கட்டிப் பக்கத்தில் வைத்திருந்ததனால்தானே திருட்டுப் போயிற்று? பாடம் புத்தகத்தில் மாத்திரம் இருந்து தலையில் இல்லாதவனுடைய கதி என்னவாகும் என்பதற்கு இந்தக் கதையைக் காட்டிலும் நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. அந்தக் கதையின் பெயராலேயே நம் பிள்ளைகளின் பேனாவுக்குப் பூசை நடக்கிறதென்றால் இதை என்ன சொல்லுவது?

நிற்க. சென்ற பரீட்சைக் காலத்தில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலுள்ள ஒரு மீனவர் குப்பத்துக்கு நாம் போயிருந்தோம். அங்கே ஒரு தோழர், ஃபைபர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர், இரண்டு நாள் தொழிலை விட்டுவிட்டு மகளைச் செட்டிப்புண்ணியத்துக்கு அழைத்துக்கொண்டு போய் வந்ததாகச் சொன்னார். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. அவருடைய வீட்டில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் அவள்தான். அரைப் பரீட்சையில் விஞ்ஞானத்தில், அதிலும் உயிரியல் பகுதியில், மிகவும் குறைந்த மார்க்கு. “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிக்கிறாள் அண்ணே, காலையில் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை என்று அழுகிறாள். எங்கள் சாதிக்குப் படிப்பு ஏறாதாம், பள்ளிக்கூடத்திலேயே யாரோ சொன்னார்களாம். அதுதான் சாமியிடம் போனோம்” என்றார்.

அவளுடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மைக் கோடு. கோடு இல்லாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படிப் படிக்கிறாய் அம்மா என்றால், “மூணு வாட்டி, நாலு வாட்டி படிப்பேன்” என்றாள். புத்தகத்தை மூடிவிட்டு எப்பொழுதாவது சொல்லிப் பார்த்ததுண்டா என்றால், “மூடிட்டா எப்படிப் படிக்கிறது?” என்று நம்மையே திருப்பிக் கேட்டாள். அதற்குத்தான் இந்த வியாசம்.

ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பக் கண்ணால் ஓட்டிக்கொண்டு போனால் அந்த எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. தினம் கடைத்தெருவில் பார்க்கிற மனிதன் முகம் நமக்குத் தெரியும், பெயர் கேட்டால் தெரியாது. அதுபோலப் பக்கத்தைப் பார்த்தவுடன் “இது தெரியும்” என்று தோன்றும். பரீட்சை மண்டபத்திலோ பக்கம் இராது. வெள்ளைத் தாளும் கேள்வியும் மாத்திரம் இருக்கும். ஆகவே, பரீட்சையில் எந்த வேலையைச் செய்ய வேண்டுமோ, அதாவது புத்தகம் இல்லாமல் உள்ளேயிருந்து எடுத்து வெளியே வைக்கும் வேலையை, அதற்கு முன் ஒரு தடவைகூடப் பழகாமல் போய் உட்காருகிறார்கள் நம் பிள்ளைகள். தண்ணீரைக் கரையிலிருந்தபடியே நாலு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவனைக் கடலில் தள்ளிவிட்டு, நீந்தவில்லையே, இவன் சாதிக்கு நீச்சல் வராது என்று சொல்லுவதுபோல் இருக்கிறது இந்த நியாயம்.

இதை நாம் நம்முடைய யூகமாகச் சொல்லவில்லை. 1885-ம் வருஷத்தில் எபிங்கௌஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்துப் புத்தகமாக வெளியிட்டார். முதல் தடவை பட்ட உழைப்பில் மறுநாள் அவருக்கு மிச்சப்பட்டது மூன்றில் ஒரு பங்குதான். அவர் கூலிக்குப் படகேறியவரல்ல, தத்துவம் படித்த பெரிய பண்டிதர். பண்டிதர் மூளையும் மறக்கத்தான் மறந்தது! மறதி என்பது மூளையின் இயற்கையே அல்லாமல் எந்தச் சாதிக்கும் ஏற்பட்ட சீதனம் அல்ல என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

1917-ல் அமெரிக்காவில் கேட்ஸ் என்பவர் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சோதித்து, படிக்கும் நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட பாகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதில் செலவிட்டவர்களுக்கே அதிகம் நின்றது என்று கண்டார். 1939-ல் ஸ்பிட்சர் என்பவர் அயோவா மாகாணத்தில் 3,605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேர்க்கடலையைப் பற்றியும் மூங்கிலைப் பற்றியும் பாடம் கொடுத்து, நாள் தள்ளி நாள் தள்ளிக் கேள்வி கேட்டுப் பார்த்தார். படித்த உடனேயே கேள்வி கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் நின்றது, கேட்கப்படாத பிள்ளைகளுக்கு மளமளவென்று மறைந்துபோயிற்று. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் செய்த சோதனைதான் எல்லாவற்றிலும் வேடிக்கையானது. ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடத்தை நாலு முறை படிக்க நேரம் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு ஒரே ஒரு முறை படிக்கவிட்டு, மற்ற மூன்று முறையும் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்களுக்கு நூற்றுக்கு 83 பங்கு ஞாபகம், மூடி எழுதினவர்களுக்கு 71. ஆகா, படித்தவர்களே ஜெயித்தார்கள்! ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்களுக்கு 40, மூடி எழுதினவர்களுக்கு 61. இதில் இன்னும் ஒரு சங்கதி. எவ்வளவு ஞாபகமிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்த கூட்டத்தார்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். நம்பிக்கை ஒரு பக்கம், உண்மை மற்றொரு பக்கம். நம்பிக்கையை அளவுகோலாகக் கொள்ளாதே என்று நாம் இத்தனை காலமாக மேடையில் சொல்லி வருவது புத்தகம் படிக்கும் விஷயத்துக்கும் பொருந்துகிறதா இல்லையா பாருங்கள்.

“சாமிக்கு முன் பேனா வைத்தால் பிள்ளைக்கு ஒரு தைரியம் வருகிறது, அதனால் உமக்கென்ன நஷ்டம்?” என்று சில புத்திசாலிகள் கேட்கிறார்கள். நமக்கு நஷ்டமில்லை. அந்தத் தோழருக்கு இரண்டு நாள் கூலி நஷ்டம், பஸ் செலவு நஷ்டம். பெண்ணுக்குப் பரீட்சைக்கு முன் இரண்டு நாள் நஷ்டம். அது போகட்டும். அவள் பாசானால் பேர் யாருக்கு? குதிரை முகத்தாருக்கு. தவறினால் பழி யாருக்கு? அவள் தலையெழுத்துக்கு, அவள் சாதிக்கு, அவள் பெண்ணாய்ப் பிறந்ததற்கு. வரவெல்லாம் சாமி கணக்கில், பற்றெல்லாம் நம் கணக்கில். இந்த மாதிரிக் கணக்கு எழுதுகிற குமாஸ்தாவை எந்த முதலாளியாவது ஒரு நாள் வைத்திருப்பானா?

இதே செங்கற்பட்டில்தான் 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில் தோழர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் மாகாண முதலாவது சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டத்தைச் சேர்க்காதே என்றும், பெண்களுக்கு 16 வயதுக்குக் கீழ் கல்யாணம் செய்யாதே என்றும், ஆணைப்போலவே பெண்ணுக்கும் சொத்துரிமை என்றும் அந்த மாநாட்டில் தீர்மானம் செய்தார்கள். அன்று 16 என்று கேட்டபோது சிரித்தவர்கள் உண்டு. இன்று அதே ஜில்லாவில் கட்டுமரக்காரர் பேத்தி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்காருகிறாள். அவளை அந்த நாற்காலி வரையில் கொண்டுவந்து விட்டது எந்தக் கடவுளும் அல்ல. அப்படியிருக்க, கடைசி நாளில் பேனாவை ஏன் குதிரையிடம் கொடுக்க வேண்டும்?

சிலர் வேறு விதமாகக் கேட்பார்கள். “நெட்டுருப் போடுவதைக் கண்டிக்கிற நீங்களே இப்பொழுது மனப்பாடத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே?” என்பார்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினார்கள். ஒருவனுக்கு ஒருவன் சொல்லிக் கொடுத்தான். 1787-ல் சென்னைக்கு வந்து எழும்பூர் அநாதைப் பள்ளிக்குத் தலைவராயிருந்த பெல் பாதிரியார் இதைப் பார்த்துவிட்டுத் தம் பள்ளியிலும் ஏற்படுத்தி, 1797-ல் சீமையில் புத்தகமாகவும் போட்டார். அது “மெட்ராஸ் முறை” என்று அங்கே பிரசித்தமாயிற்று. நம் சரக்குச் சீமைக்குப் போய் வந்தால்தான் நமக்கு மதிப்பு! அழித்துவிட்டு எழுதுவது என்பதில் உள்ள நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் தீண்டப்படாதவனுக்கு இடமில்லை என்பது ஒன்று. இடம் கிடைத்தவனும் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது என்பது மற்றொன்று. அர்த்தம் கேட்காமல் ஸ்வரம் தப்பாமல் ஒப்பிக்கும் அத்தியயனத்துக்கும் அதுவே லட்சணம். நாம் சொல்லுவது அதுவல்ல. கிளிக்கு “இதயத்துக்கு நாலு அறை” என்று சொல்லக் கற்றுக் கொடுக்கலாம். ஏன் நாலு, மூன்றிருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கிளியைக் கேட்க முடியாது. புத்தகத்தை மூடிக்கொண்டு அந்த ஏனுக்குப் பதில் தேடுவதைத்தான் நாம் சொல்லுகிறோம்.

உயிரியலுக்கு இது எப்படி என்று பார்ப்போம். அந்தக் குப்பத்துப் பெண்ணைச் சுற்றோட்டப் பாடத்தை ஒரே ஒரு தடவை படிக்கச் சொன்னோம். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் எழுது, படம் வருமானால் போடு என்றோம். ஐந்து நிமிஷம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நிமிஷம் அவளுக்குக் கசந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. பிறகு ஒரு இதயம் போட்டாள். மேலறை இரண்டு, கீழறை இரண்டு. தமனி எல்லாம் நல்ல இரத்தத்தையும், சிரை எல்லாம் கெட்ட இரத்தத்தையும் கொண்டுபோகும் என்று எழுதினாள். அதன்மேல் புத்தகத்தைத் திறந்து அவளையே சிவப்பு மையால் திருத்தச் சொன்னோம். நுரையீரலுக்குப் போகிற தமனி மாத்திரம் கெட்ட இரத்தத்தைக் கொண்டுபோகிறது, அங்கிருந்து திரும்புகிற சிரை நல்ல இரத்தத்தைக் கொண்டுவருகிறது என்று கண்டவுடன், “இதிலே நாலு வாட்டி கோடு போட்டிருக்கேனே!” என்று அவளுக்கே கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் மஞ்சள் கோட்டைவிட உசத்தியானது. அந்தத் தப்பை அவள் இனிச் செய்யமாட்டாள்.

மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் விட்டு ஒரு தடவை, ஒரு வாரம் விட்டு ஒரு தடவை, இதே மாதிரி வெள்ளைத் தாள். தாள் வாங்கக் காசில்லையென்றால் சிலேட்டு, சிலேட்டும் இல்லையென்றால் கடற்கரை மணல் இருக்கவே இருக்கிறது. ஒரே ராத்திரியில் ஏழு தடவை செய்வதைக் காட்டிலும், கொஞ்சம் மறக்கவிட்டு மறுபடி எடுப்பதுதான் பலமாக நிற்கிறது. அட்டையின் உடம்பில் 33 கண்டங்கள், முயலின் பல் சூத்திரம் 2033/1023 என்பன போன்ற வெறும் எண்களுக்கும் இதுவே வழி. ஆனால் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் ஏன் உறையாமல் ஓடுகிறது, முயலுக்குக் கோரைப்பல் ஏன் இல்லை என்று சேர்த்துக் கேட்டுக்கொண்டால் எண்ணும் தானாக ஒட்டிக்கொள்கிறது. வயற்காட்டில் நாற்று நடுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அட்டையைப் பற்றிப் பட்டணத்து வாத்தியார் சொல்லியா தெரிய வேண்டும்?

மூடின புத்தகத்தில் கெட்டிக்காரர்கள் யார் என்று பார்க்க விரும்புகிறவர்கள் வடநெம்மேலிக்குப் போகலாம். அங்கே 1976 முதல் முதலைப் பண்ணை இருக்கிறது. 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. பாம்புக்கடி மருந்து செய்வதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இவர்களே. இந்த ஜில்லாவைச் சேர்ந்த இருளர் தோழர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் சர்க்கார் அவர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. ஒரு வளையைப் பார்த்தவுடன் உள்ளே இருப்பது நல்ல பாம்பா, கட்டு விரியனா, கண்ணாடி விரியனா, சுருட்டையா, அல்லது வெறும் எலிதானா என்று அவர்களே சொல்ல வேண்டும். புரட்டிப் பார்க்க அங்கே ஏடு கிடையாது. தப்பினால் மார்க்கு குறையாது, உயிர் போகும். படிப்பு ஏறாத சாதி என்று யாரைச் சொல்லுகிறார்களோ, அவர்களுடைய படிப்பு இது!

மற்றொரு பக்கம் நம் பட்டதாரிகளைப் பாருங்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, மகுடியின் அசைவைப் பார்த்தே தலையாட்டுகிறது, அது எலியும் தவளையும் தின்னும் பிராணி என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்து முழு மார்க்கு வாங்கியவர்தான் வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றுகிறார். படித்தது பரீட்சைத் தாளோடு போய்விட்டது. வேண்டிய சமயத்தில் எடுக்க வரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், வருஷத்துக்கு 58,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடிபட்டவனை மந்திரக்காரனிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதா, செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று முடிவு செய்கிற அந்த ஒரு நிமிஷத்தில் புத்தகம் கையில் இராது. எட்டாம் வகுப்பில் எப்பொழுதோ படித்தது தலையிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. அப்பொழுது வராத உயிரியலுக்கு 100 மார்க்கு வாங்கி என்ன செய்வது?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நீட் என்று ஒரு பரீட்சை வேறு 2017 முதல் நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதில் மொத்தம் 720 மார்க்கில் 360 மார்க்கு உயிரியலுக்கே. அந்தப் பரீட்சை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. அதைப்பற்றி வேறிடத்தில் எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். ஆனால் அது ஒழிகிற வரையில் நம் பிள்ளைகளை யார் கையில் விட்டுவைத்திருக்கிறோம்? ஒரு பக்கம் லட்சக்கணக்கில் வாங்குகிற பயிற்சிக் கடை, மறு பக்கம் தட்டில் போட்டதை வாங்குகிற பூசைக் கடை. பயிற்சிக் கடைக்காரன் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்கிறான் தெரியுமா? வாரா வாரம் புத்தகத்தை மூடிவைத்துக் கேள்வி கேட்கிறான். பெரும்பாலும் அவ்வளவுதான் அவன் இரகசியம். அதை நம் குப்பத்திலும் சேரியிலும் காசில்லாமல் செய்ய முடியாதா?

இங்கே நம் தோழர்களிடத்திலும் ஒரு குறை சொல்லவேண்டியிருக்கிறது. நமது படிப்பகங்களில் மாலையில் பத்திரிகை வாசிக்கிறோம், விவாதிக்கிறோம், புராண ஆபாசங்களைத் தலைகீழாக ஒப்பிக்கிறோம். அதே பெஞ்சியின் மூலையில் ஒரு பையன் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கி வழிகிறான். அவன் புத்தகத்தை வாங்கி நாலு கேள்வி கேட்கிறவன் நம்மில் எத்தனை பேர்? “எனக்கு இங்கிலீஷ் தெரியாது, விஞ்ஞானம் தெரியாது” என்று சாக்குச் சொல்லவேண்டாம். கேள்வி கேட்பதற்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு “அப்புறம்?” என்றும், “அது ஏன்?” என்றும் கேட்டால் போதும். நாமும் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவர்கள் அல்ல. பிறர் கேள்வி கேட்டுத்தான் படித்தோம். மேடையில் பதில் சொல்ல முடியாமல் விழித்த ஒவ்வொரு கேள்வியும் இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட இதைச் செய்யலாம் என்று நாம் சொன்னபோது அந்தத் தோழர் நம்பவில்லை. மறு வாரம் போயிருந்தோம். வாசலில் அவருடைய சம்சாரம் அரிவாள்மணைக்கு முன் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் புதுசா பழசா என்று சொல்லுகிறவருக்கு, செவுள் சிவப்பாயிருப்பது இரத்தத்தால் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகம் இல்லாமல், சொல்லிக்கொண்டிருந்தாள். மீனுக்கு இதயத்தில் இரண்டு அறை. தவளைக்கு மூன்று. பல்லிக்கும் பாம்புக்கும் மூன்றேகால் மாதிரி, கீழறை பாதி பிரிந்தது. முதலை மட்டும் ஊர்வனவாயிருந்தும் நாலு. கோழிக்கும் நமக்கும் நாலு. நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலக்காமலிருக்க.

அம்மாள் மீனைக் கழுவிக்கொண்டே, “அப்போ ஓங்கலுக்கு? அதுவும் கடல்லதானே கிடக்குது, ரெண்டா?” என்றார்.

பெண் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். “அது தண்ணிக்கு மேல வந்து மூச்சு விடுதும்மா. குட்டி போட்டுப் பால் குடுக்குது. அப்போ நாலு” என்றாள்.

நாம் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். அந்தப் பாடத்தில் ஓங்கலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.